ராக்கெட் பார்க்கிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: ஆரம்பாக்கம், தடா, பழவேற்காடு வட்டாரத்துக்கு

ஆரம்பாக்கத்தில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். ரயிலில் வந்தால் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன் இது; அடுத்தது தடா, ஆந்திரா. ராக்கெட் விடும் தேதி அறிவித்துவிட்டால் கடையில் பாதிப் பேச்சு அதைப் பற்றித்தான். எனக்கு வானம் பார்க்கிற பழக்கம் உண்டு என்பது ஊருக்கே தெரியும் என்பதால், மற்ற நாட்களிலும் யாராவது ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கேட்கிற ஆள்தான் மாறுகிறாரே தவிர சந்தேகம் மாறுவதில்லை. அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். சூலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து தெலுங்கில் வந்தவற்றை மட்டும் தமிழாக்கினேன்.

"ராக்கெட்டை எங்க இருந்துண்ணா விடுறாங்க? நம்ம ஊர்ல இருந்து நிஜமாவே தெரியுமா?"

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற தீவு அது. இப்போது ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்தில் வருகிறது. 1971 அக்டோபர் 9 அன்று ரோகிணி-125 என்ற சின்ன ஆய்வு ராக்கெட்டோடு அங்கே வேலை தொடங்கியது. 1980 ஜூலை 18 அன்று அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி-3 ஒரு செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 2025 ஜனவரி 29 காலை போன ஜி.எஸ்.எல்.வி-எஃப்15 அங்கிருந்து கிளம்பிய நூறாவது ஏவுதல்.

தெரியுமா என்றால், நன்றாகவே தெரியும். நேர்கோட்டில் அளந்தால் ஏவுதளம் ஆரம்பாக்கத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், சூலூர்பேட்டையிலிருந்து இன்னும் பக்கம். வானம் தெளிவாக இருந்தால் சென்னை மொட்டை மாடிகளிலிருந்தே பார்க்கிறார்கள். நமக்கு என்ன குறை?

"எந்தப் பக்கம் பாக்கணும்? போன தடவை எல்லாரும் ஒரு பக்கம் பாத்தாங்க, நான் வேற பக்கம் பாத்துட்டேன்."

ஆரம்பாக்கம், தடாவிலிருந்து வடகிழக்கு. சூலூர்பேட்டையிலிருந்து நேர் கிழக்கு. பழவேற்காட்டிலிருந்து வடக்கே பார்த்து நின்று, கொஞ்சம் இடது பக்கம். முதல் நாளே போனில் திசைகாட்டியைத் திறந்து, அந்தத் திசையில் ஒரு பனைமரத்தையோ செல்போன் டவரையோ அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏரிக்கரைதான் சிறந்த இடம், ஏனென்றால் எதிரே மறைப்பு இருக்காது. ஆனாலும் கிளம்பிய அந்த நொடியில் எதுவும் தெரியாது. இவ்வளவு தூரத்தில் பூமியின் வளைவே தரையை ஒட்டிய முப்பது நாற்பது மீட்டரை மறைத்துவிடும், அதற்கு மேல் மரங்கள். ராக்கெட் மெதுவாகத்தான் எழும்பும். சில விநாடி கழித்து மரங்களுக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொட்டு வரும், அதற்குக் கீழே வெள்ளைப் புகை. அப்புறம் கண்ணை எடுக்காதீர்கள்.

"டி.வி.யில இன்னும் எண்ணிக்கிட்டே இருக்கான், வெளிய பாத்தா ராக்கெட் பாதி வானத்துல போகுது. எப்படி?"

நேரலை என்று பெயரே தவிர அது நேரத்துக்கு வருவதில்லை. படம் பல இடம் சுற்றி வருவதால் டி.வி.யில் சில விநாடி தாமதம். போனில் பார்த்தால் அரை நிமிடம்கூட ஆகலாம். போனில் பூஜ்ஜியம் வருவதற்காகத் தலை குனிந்து காத்திருந்து, முக்கியமான முதல் காட்சியைத் தவறவிடுகிறவர்களை ஒவ்வொரு முறையும் கரையில் பார்க்கிறேன்.

போனின் கடிகாரம் நெட்வொர்க் நேரத்தில் இருக்கட்டும், அது போதும். அறிவித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே நிமிர்ந்து பாருங்கள். நேரலையைக் காதால் கேட்கலாம். கடைசி நேரத்தில் நிறுத்தினால் அதில்தான் தெரியும். 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் சோதனை ராக்கெட்டைக் கிளம்ப 5 விநாடி இருக்கும்போது கணினி நிறுத்தியது. பிறகு சரிசெய்து 10 மணிக்கு விட்டார்கள். வீட்டுக்குத் திரும்பியவர்கள் கோட்டை விட்டார்கள்.

"ராக்கெட் போயே போச்சு, அப்புறம் என்னத்துக்கு ஜன்னல் அதிருது?"

ஒளி உடனே வந்துவிடும். சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி எடுக்கும். 30 கிலோமீட்டர் என்றால் ஒன்றரை நிமிடம். கிளம்பிய சத்தம் உங்கள் காதுக்கு வரும்போது ராக்கெட் இருபது முப்பது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்.

பிள்ளைகளுக்கு இது நல்ல விளையாட்டு. பொட்டு தெரிந்ததும் எண்ண ஆரம்பித்து, முதல் உறுமல் கேட்டதும் நிறுத்தி, மூன்றால் வகுக்கச் சொல்லுங்கள். ஏவுதளம் எவ்வளவு தூரம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். சத்தத்தில் ஆழமான தாழ்ந்த ஒலிகள்தான் இவ்வளவு தூரம் வந்து சேரும். காதுக்கு லேசான உறுமலாக இருந்தாலும் தகரக் கூரையும் ஜன்னல் கண்ணாடியும் அதற்கு அதிரும். காற்று எதிர்த்திசையில் அடித்தால் சில நாள் ஒன்றுமே கேட்காது.

"நேரா மேல போகாம கடல் பக்கம் சாஞ்சு போகுதே, கோளாறா?"

கோளாறு இல்லை, அப்படித்தான் போக வேண்டும். மேலே போவது வேலையில் சின்னப் பங்குதான். பெரிய பங்கு, பக்கவாட்டில் வேகம் எடுப்பது. தாழ்வான சுற்றுப்பாதையில் ஒரு செயற்கைக்கோள் கீழே விழாமல் சுற்ற விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் வேகம் வேண்டும். நேராக மேலே மட்டும் போனால் நேராகக் கீழே வந்து விழும்.

கிழக்கே சாய்வதில் ஒரு லாபமும் உண்டு. பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிறது. ஸ்ரீஹரிகோட்டா இருக்கும் இடத்தில் அந்த வேகம் விநாடிக்குச் சுமார் 450 மீட்டர். ஓடுகிற பஸ்ஸிலிருந்து பஸ் போகும் திசையிலேயே கல்லை எறிந்தால் அதன் வேகம் கூடுமே, அந்தக் கணக்கு. தவிர, கிழக்கே ஆளில்லாத கடல்.

இஸ்ரோவின் பெரிய ராக்கெட்டுகளான ஜி.எஸ்.எல்.வி, எல்.வி.எம்-3 இரண்டும் பெரும்பாலும் கிழக்கு நோக்கிப் போகும். அவற்றைவிடச் சிறிய பி.எஸ்.எல்.வி துருவப் பாதைக்கு, அதாவது வட, தென் துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும்போது தெற்கே போக வேண்டும், ஆனால் நேர் தெற்கே இலங்கை இருக்கிறது. அதனால் முதலில் தென்கிழக்கே போய், இலங்கையைத் தவிர்த்து, அப்புறம் தெற்கே திரும்பும். அந்தத் திருப்பத்துக்கு எரிபொருள் வீணாகிறது. இதை நினைவில் வையுங்கள், கடைசிக் கேள்வியில் தேவைப்படும். நம் பக்கத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு வகையும் வலது கைப் பக்கம் நகர்வதாகத்தான் தெரியும்.

"பாதியில பொசுக்குன்னு அணைஞ்சிடுச்சு. வெடிச்சிடுச்சாண்ணா?"

எல்.வி.எம்-3 போன பிறகு இதைக் கேட்காத ஆளே இல்லை. அதன் இரண்டு பக்கமும் இருக்கிற எஸ்-200 பூஸ்டர்கள் திட எரிபொருளில் எரிகின்றன. அந்த நெருப்பும் புகையும்தான் நாம் பார்க்கிற வெளிச்சம். சுமார் இரண்டு நிமிடத்தில் அவை எரிந்து முடிந்து கழன்றுவிடும். அதற்குச் சற்று முன்பே நடுவில் உள்ள திரவ எஞ்சின் எரியத் தொடங்கியிருக்கும், ஆனால் அதன் சுடர் மெல்லியது, பகலில் கண்ணுக்குப் படாது. ராக்கெட் நலமாகப் போய்க்கொண்டிருக்கும். இரவில் பைனாகுலர் இருந்தால் இந்த மாற்றம் தெளிவாகத் தெரியும். பெரிய வெளிச்சம் மங்கி, அதே கோட்டில் சின்ன நட்சத்திரம் போல ஒன்று தொடரும்.

நிஜமாகவே வெடித்ததும் உண்டு. 2010 டிசம்பர் 25 அன்று ஜி.எஸ்.எல்.வி-எஃப்06 கிளம்பி ஒரு நிமிடத்துக்குள் கட்டுப்பாடு இழந்தது. கரையில் எங்கேயும் விழாமல் இருக்க, கட்டளை அனுப்பிக் கடலுக்கு மேலேயே அதை அழித்தார்கள். ஆனால் பெரும்பாலான தோல்விகள் நம் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் நடக்கின்றன. 2025 மே 18 அன்று பி.எஸ்.எல்.வி-சி61 கரையிலிருந்து பார்க்கக் குறையே இல்லாமல்தான் போனது. மூன்றாம் கட்டத்தில் தோற்றது. நாம் கை தட்டி முடித்து டீ குடிக்கும் நேரத்தில்தான் செய்தி வரும்.

"அஞ்சு இருபத்தாறு, எட்டு அம்பத்தஞ்சுன்னு நேரம் வைக்கிறாங்களே, ராகு காலம் பாத்தா?"

2025 நவம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை மாலை 5:26-க்கு எல்.வி.எம்-3 எம்5 கிளம்பியது. ஞாயிறு ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. 4,410 கிலோ செயற்கைக்கோளைப் பத்திரமாகக் கொண்டு சேர்த்தது. மேலே சொன்ன சி61-உம் ஒரு ஞாயிறுதான். காலை 5:59, ராகு காலம் கிடையாது. முடிவை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைத் தீர்மானிப்பது போக வேண்டிய பாதை. பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், அந்தப் பாதையின் தளத்துக்குக் கீழே ஏவுதளம் வருகிற நேரத்தில் கிளம்ப வேண்டும். சூரிய ஒளி எந்தக் கோணத்தில் விழ வேண்டும் என்பதும் சேரும். கடைசியில் இன்னொன்று: மேலே ஏற்கெனவே சுற்றுகிற பொருள்களோடு மோதும் வாய்ப்பிருந்தால் ஓரிரு நிமிடம் தள்ளுவார்கள். 2024 டிசம்பர் 30 அன்று ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்கள் போன பி.எஸ்.எல்.வி-சி60-க்கு முதலில் இரவு 9:58 என்றுதான் சொல்லியிருந்தார்கள்; கிளம்பியது 10 மணிக்கு.

"மழை பெஞ்சா விட மாட்டாங்களா?"

சாதாரண மழைக்கு ராக்கெட் பயப்படாது. இடி மின்னலும், மேலே பல கிலோமீட்டர் உயரத்தில் அடிக்கிற வேகமான காற்றும்தான் பிரச்சினை. அதற்காகப் பலூன் விட்டு அளப்பார்கள். புயல் வந்தால் தள்ளிவைப்பார்கள். நமக்குத்தான் மழை மேகம் பிரச்சினை. ஐப்பசி, கார்த்திகையில் பல முறை சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

ராக்கெட் விட்டால் மழை வரும், அல்லது மழை போய்விடும் என்று இரண்டு கட்சிகள் நம் ஊரில் உண்டு. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. மழைக்காலத்திலும் விடுகிறார்கள், சித்திரையிலும் விடுகிறார்கள்.

"உள்ள போய்ப் பாக்க பாஸ் எடுத்துக் கொடுங்கண்ணா. எவ்ளோ ஆகும்?"

பாஸ் இலவசம். யாராவது பாஸுக்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். (கடையில் நான் வாங்குவது பிரிண்ட் காசு மட்டும்.) பொதுமக்களுக்கான பார்வையாளர் மாடம் 2019-ல் திறந்தது, அங்கிருந்து மக்கள் முதலில் பார்த்தது அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி போன பி.எஸ்.எல்.வி-சி45. ஸ்டேடியம் போலப் படிக்கட்டு இருக்கைகள், பெரிய திரை. வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

ஏவுதலுக்குச் சில நாள் முன்பு இணையத்தில் பதிவு திறக்கும் என்று இஸ்ரோ அறிவிக்கும். நிலவு, சூரியன் போன்ற பேர்போன பயணம் என்றால் இடங்கள் நிமிடங்களில் தீர்ந்துவிடும். வருகிற எல்லோருடைய அடையாள அட்டை எண்ணையும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "எங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று போன் போடுகிற நேரத்தில்தான் எல்லாம் முடிகிறது. அசல் அட்டையைக் கையில் எடுத்துப் போக வேண்டும். சூலூர்பேட்டை வரை ரயில் உண்டு. அங்கிருந்து ஏரிக்கு நடுவே போகிற சாலையில் ஸ்ரீஹரிகோட்டா.

பாஸ் கிடைக்கவில்லை என்று முகம் வாடிப் போகிறவர்களுக்கு என் அபிப்பிராயம்: மாடத்தில் கிடைப்பது சத்தம், அது மார்பில் வந்து இடிக்கும். முழு வளைவும் புகைக்கோடும் ஒரே பார்வையில் வேண்டும் என்றால் நம் ஏரிக்கரை அதற்கு இளைத்ததில்லை.

"ராக்கெட் விடுற அன்னிக்கு எங்களை ஏன் தம்பி கடலுக்குப் போகாதேன்னு நிறுத்துறாங்க?"

பழவேற்காட்டு அண்ணன்மார் கேட்பது. ராக்கெட் போகிற பாதைக்குக் கீழே உள்ள கடலை ஆபத்துப் பகுதி என்று முன்கூட்டியே அறிவித்து, கப்பலுக்கும் விமானத்துக்கும் படகுக்கும் எச்சரிக்கை கொடுப்பார்கள். எரிந்து முடிந்த பூஸ்டர்கள் அங்கே விழும். எஃப்06-க்கு நடந்ததைப் போல ஒன்று நடந்தால் துண்டுகளும் அங்கேதான். அன்றைய வருமானம் போகிறதே என்ற வருத்தம் நியாயமானது. அது ஒத்திவைக்கப்பட்டு மறுபடி மறுபடி வந்தால் இன்னும் நியாயம். ஆனால் எச்சரிக்கையை மீறிப் போவது சரியான பதில் இல்லை.

இந்த விமான எச்சரிக்கை அறிவிப்புகள் பொதுவில் கிடைக்கும். அதில் வங்கக் கடலில் குறிக்கப்பட்ட பகுதி கிழக்கே நீண்டால் ஒரு வகை ராக்கெட், தெற்கே வளைந்தால் இன்னொரு வகை என்று ஆர்வலர்கள் முன்கூட்டியே ஊகித்துவிடுவார்கள்.

"வலையில ராக்கெட் துண்டு மாட்டுனா எடைக்குப் போடலாமா?"

கூடாது. தொடவும் வேண்டாம். சில பாகங்களில் ஹைட்ரசீன் வகை எரிபொருளின் மிச்சம் இருக்கலாம், அது கடும் விஷம். வெடிக்காமல் மிச்சமிருக்கிற சின்ன வெடிமருந்துப் பொருத்திகளும் இருக்கலாம். தள்ளி நின்று போலீஸுக்கோ கடலோரக் காவலுக்கோ சொல்லுங்கள். விண்ணில் ஏவிய பொருள் எங்கே விழுந்தாலும் ஏவிய நாட்டுக்கே சொந்தம் என்பது 1967 விண்வெளி ஒப்பந்தம்.

எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன் ஹெட் கடற்கரையில் ஒதுங்கிய பெரிய உருளை, பெரும்பாலும் பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாம் கட்டம் என்று அந்த நாட்டு விண்வெளி நிறுவனம் சொன்னது.

"போன்ல எடுத்தா வெறும் வெள்ளைப் புள்ளிதான் வருது. நல்லா எடுக்க என்ன பண்ணணும்?"

ஜூம் பண்ணாதீர்கள், அதுதான் முதல் விஷயம். அகலமாக வைத்து, முன்னால் ஒரு படகோ மரமோ மனிதர்களோ வருகிற மாதிரி எடுங்கள். திரையில் வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, கொஞ்சம் குறைத்துவிடுங்கள். பூட்டாவிட்டால் ராக்கெட் வந்ததும் போன் தடுமாறிப் படம் முழுக்க வெளுக்கும்.

இரவு ஏவுதல் என்றால் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ 100, துளை எஃப்11, ஷட்டரை இரண்டு நிமிடத்துக்கு மேல் திறந்து வையுங்கள். நெருப்பு வில் ஒன்று முழுசாக விழும், ஏரித் தண்ணீரில் அதன் பிரதிபலிப்போடு. விடிவதற்குச் சற்று முன்போ, பொழுது சாய்ந்த உடனேயோ விட்டால் தவறவே விடாதீர்கள். தரையில் இருட்டு, மேலே புகைக்கு மட்டும் வெயில் பட்டு நீலமும் வெள்ளையுமாக விரியும். காலைப் புகைக்கோடு அரை மணி நேரம் நெளிந்து கிடப்பதும் அழகு. ஒவ்வொரு உயரத்திலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதை அந்த நெளிவுதான் காட்டுகிறது.

"ட்ரோன் விட்டு எடுக்கலாமா?"

வேண்டாம். ஏவுதளத்தைச் சுற்றித் தடை உண்டு, பிடித்தால் வழக்கு.

"ராத்திரி நட்சத்திரம் மாதிரி ஒண்ணு நகர்ந்துகிட்டே போகுது. நேத்து விட்ட நம்ம ராக்கெட்டா?"

பெரும்பாலும் இல்லை. கண் சிமிட்டாமல், சத்தமில்லாமல், மிகப் பிரகாசமாக நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் அது சர்வதேச விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஒன்றரை மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. 2025 ஜூன், ஜூலையில் நம் நாட்டு விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா இருந்தது அதில்தான். நாசாவின் இலவசச் செயலியில் நம் ஊரைக் கொடுத்தால் எப்போது, எந்தத் திசை என்று சொல்லும். பொழுது சாய்ந்த பின்போ விடியும் முன்போதான் தெரியும், ஏனென்றால் அது மின்னுவது வெயில் பட்டு. நடுவானில் திடீரென்று மங்கினால் பூமியின் நிழலுக்குள் போய்விட்டது என்று அர்த்தம்.

வரிசையாக ரயில் பெட்டி மாதிரி போனால் அவை புதிதாக ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் என்ற இணையச் சேவைச் செயற்கைக்கோள்கள். சிவப்பு, பச்சை விளக்கு சிமிட்டினால் சென்னை விமானம். ஜி.எஸ்.எல்.வி.யில் போகிற தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் கடைசியில் 35,786 கிலோமீட்டர் உயரத்துக்குப் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது.

"பையன் டெலஸ்கோப் கேக்குறான். எது வாங்கலாம்?"

முதலில் பைனாகுலர் வாங்குங்கள். 7x50 அல்லது 10x50 போதும். நிலவின் பள்ளங்கள், வியாழனின் நான்கு நிலவுகள், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் தெரியும், ராக்கெட்டுக்கும் ஆகும். ஒரு வருடம் கழித்தும் ஆர்வம் இருந்தால் 6 அங்குல டாப்சோனியன் வகைத் தொலைநோக்கி. அதில் சனியின் வளையத்தை முதல் முறை பார்க்கிறவர்கள், ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று குழாயின் முன்பக்கம் போய்ப் பார்ப்பார்கள். "500 மடங்கு பெரிதாக்கும்" என்று பெட்டியில் போட்டிருக்கிற பொம்மைகளை வாங்காதீர்கள். லென்ஸ் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரண்டு மடங்குதான் உருப்படியான உச்ச உருப்பெருக்கம்.

நம் பக்கத்துக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஏரிக்காற்றின் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும், வெள்ளை நூல் வலை மாதிரி. பிடித்துவிட்டால் துடைக்க முடியாது. பார்த்து முடித்ததும் உறையில் போட்டு மூடாமல், ஈரம் போன பிறகு காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். செருப்பு, பை வாங்கும்போது வருகிற பொட்டலங்களே போதும்.

இடம் பற்றி: மேற்கே ஸ்ரீசிட்டி வெளிச்சம், தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வெளிச்சம். கிழக்கே ஏரிப்பக்கம் இன்னும் இருட்டு மிச்சமிருக்கிறது. பெரிய தொலைநோக்கியைப் பார்க்க ஆசையென்றால் ஜவ்வாது மலையில் காவலூர் போகலாம். அங்கே 2.3 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி இருக்கிறது. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுகிறார்கள், கேட்டுவிட்டுப் போங்கள்.

"அந்த டெலஸ்கோப்புல நிலாவுல இருக்கிற விக்ரம் தெரியுமா?"

தெரியாது. சந்திரயான்-3 நிலவில் இறக்கிய விக்ரம் கலம் ஒரு சின்ன வேன் அளவுகூட இல்லை, நிலவோ 3,84,400 கிலோமீட்டர் தள்ளி. ஹபிள் தொலைநோக்கிக்கே நிலவில் நூறு மீட்டருக்குக் குறைவானதைப் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். நிலவையே சுற்றுகிற விண்கலங்கள்தான் விக்ரமைப் படம் எடுத்தன.

ஆனால் இடத்தைக் காட்டலாம். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04-க்கு இறங்கியது தெற்கே 69 டிகிரியில், மன்சினஸ் என்ற பெரிய பள்ளத்தின் அக்கம்பக்கம். நிலவு வரைபடத்தை வைத்து அந்தப் பள்ளத்தைச் சின்னத் தொலைநோக்கியிலேயே கண்டுபிடிக்கலாம்.

"விண்வெளியில இருந்து வர்ற ரேடியோவை வீட்டுல கேக்கலாம்னு வீடியோல சொல்றாங்க, நிஜமா?"

நிஜம். விண்வெளி நிலையத்தின் ஹாம் ரேடியோ (ஆர்வலர்கள் பொழுதுபோக்காகப் பேசிக்கொள்கிற ரேடியோ) 145.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். கணினியில் செருகுகிற சின்ன எஸ்.டி.ஆர் ரிசீவரும் (மென்பொருளால் வேலை செய்கிற ரேடியோ), கம்பியில் நீங்களே செய்த ஆண்டெனாவும் போதும். நிலையம் நெருங்கும்போது அலைவரிசை கொஞ்சம் மேலேயும் விலகும்போது கீழேயும் நகரும், அதற்கேற்பத் திருப்ப வேண்டும். எப்போது வரும் என்பதற்கு மேலே சொன்ன செயலி. கேட்பது வேறு, பேசுவது வேறு. பேச வேண்டும் என்றால் தேர்வு எழுதி ஹாம் உரிமம் வாங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நோவா 15, 18, 19 செயற்கைக்கோள்களிலிருந்து வானிலைப் படம் இறக்குவது எப்படி என்று பழைய வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. அந்த மூன்றையும் 2025-ல் நிறுத்திவிட்டார்கள். அவற்றைத் தேடி மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்காதீர்கள். ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வகையைத் தேடுங்கள்.

"நாங்களே ராக்கெட் செஞ்சு விடலாமா அங்கிள்?"

எரிகிற ராக்கெட் கூடாது. இணையத்தில் பார்த்து வீட்டில் ரசாயனம் கலந்து விரல் போனவர்கள் உண்டு. உரிமம் இல்லாமல் வெடிபொருள் செய்வது குற்றமும்கூட.

தண்ணீர் ராக்கெட் செய்யுங்கள். கூல்டிரிங்ஸ் பாட்டில்தான் வேண்டும், அது அழுத்தம் தாங்கும். குடிதண்ணீர் பாட்டில் தாங்காது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், வாயில் இறுக்கமான கார்க், அதில் சைக்கிள் டியூப் வால்வு. அட்டையில் மூன்று துடுப்பு ஒட்டி, கவிழ்த்து நிறுத்தி, நீளக் குழாய் வைத்துத் தள்ளி நின்று பம்ப் அடியுங்கள். தண்ணீரைக் குறைத்தும் கூட்டியும் எது அதிகம் உயரம் போகிறது என்று நோட்டில் எழுதினால், அதுவே நிஜமான ஆராய்ச்சி.

மாணவர்கள் செய்த செயற்கைக்கோள்களும் இந்தத் தீவிலிருந்தே போயிருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009-ல் போனது. 75 அரசுப் பள்ளிகளின் 750 மாணவிகள் பங்கெடுத்த ஆசாதிசாட் 2022 ஆகஸ்டில் ராக்கெட் சரியான பாதைக்குப் போகாததால் தொலைந்தது. அதன் அடுத்த வடிவம் 2023 பிப்ரவரி 10 அன்று போய்ச் சேர்ந்தது.

"இஸ்ரோவுல சேர ஐ.ஐ.டி.யில படிச்சிருக்கணுமா?"

இல்லை. பி.இ. முடித்தவர்களுக்கு இஸ்ரோவே தேர்வு வைக்கிறது. டிப்ளமோ, ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் வேலைகள் உண்டு. பிளஸ் டூ முடித்துத் திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளிக் கல்வி நிறுவனத்தில் பி.டெக். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு மதிப்பெண் வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யுவிகா என்ற முகாம் இருக்கிறது, விண்ணப்பம் ஆன்லைனில்.

சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பாலிடெக்னிக் டிப்ளமோவில் ஆரம்பித்தவர், விழுப்புரத்துக்காரர். சூரியனை ஆராய்கிற ஆதித்யா-எல்1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். கடைக்கு வருகிற அம்மாக்களிடம் இந்த இரண்டு பேரைச் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுவேன்.

"குலசேகரப்பட்டினத்துல புது ஏவுதளம் வருதாமே. அப்போ நம்ம பக்கம் ராக்கெட் நின்னுடுமா?"

நிற்காது. தூத்துக்குடி மாவட்டத்தில் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அது எஸ்.எஸ்.எல்.வி போன்ற சின்ன ராக்கெட்டுகளுக்கு. இலங்கையைத் தவிர்க்கப் பி.எஸ்.எல்.வி வளைந்து போவதைப் பற்றி முன்பே சொன்னேன் அல்லவா? 500 கிலோ மட்டுமே சுமக்கிற எஸ்.எஸ்.எல்.வி.க்கு அந்த வளைவு கட்டுப்படியாகாது. குலசேகரப்பட்டினத்திலிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல், வளையாமல் போய்விடலாம்.

பெரியவை எல்லாம் இங்கேதான். ககன்யானில் மனிதர்கள் போவதும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான். 2025 ஜனவரியில் மத்திய அமைச்சரவை இங்கே மூன்றாவது ஏவுதளத்துக்கு 3,984.86 கோடி ரூபாய் ஒதுக்கி அனுமதி கொடுத்தது, எல்.வி.எம்-3-ஐவிடப் பெரிய அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்காக. அது கிளம்பும்போது ஜன்னல் இன்னும் கொஞ்சம் கூடவே அதிரும்.